தாமஸ் சாட்டியைப் போல ஒரே முறையில் வாழ்நாள் ஆய்வு செய்யலாமா?

கேள்வி:
மேலாண்மையில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். மருத்துவமனைகள் சப்ளையர்களைத் தேர்ந்தெடுப்பதை ஏஎச்பி எனப்படும் படிநிலைப் பகுப்பாய்வு முறையைக் கொண்டு ஆராய எண்ணம். அதை வகுத்த தாமஸ் சாட்டி 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் மேலாண்மைக்கு வந்தது எப்படி? அவரைப் போல ஒரே முறையைப் பற்றிக்கொண்டு நிற்பது இன்றைக்கும் ஏற்றதா?

முதல் பதில்:
சாட்டியை இந்த முறைக்கு இழுத்து வந்தது ஒரு சிக்கல். 1963 முதல் 1969 வரை அமெரிக்க அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டு முகமையில் பணியாற்றியபோது, பொருளியல், ஆட்டக் கோட்பாட்டு அறிஞர்கள் வகுத்துத் தந்த கணிதத்துக்கும், சோவியத் தரப்புடன் பேசவேண்டிய வழக்கறிஞர்களின் அனுபவத்துக்கும் ஒட்டுறவே இல்லாததைக் கண்டார். அந்த மனக்குறையோடு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியான வார்ட்டனுக்குச் சென்றவர், எண்ணால் அளக்க இயலாதவற்றையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டு, 1 முதல் 9 வரை மதிப்பிட்டு, முன்னுரிமை காணும் வழியை உருவாக்கினார். 1977இல் கட்டுரையாகவும் 1980இல் நூலாகவும் அது வெளிவந்தது. 1979இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 2017இல் மறையும்வரை அங்கேயே இருந்தார்.

இரண்டாம் பதில்:
அந்த ஆண்டுகளில் ஒரு பகுதி எதிர்ப்புகளுக்கு விடை சொல்வதிலும் கழிந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ள ஒரு தெரிவின் நகலைப் பட்டியலில் சேர்த்தாலே மற்றவற்றின் தரவரிசை புரண்டுவிடக்கூடும் என்று 1983இல் பெல்டன், கியர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1990இல் டையர் என்ற ஆய்வாளர் ‘மேனேஜ்மென்ட் சயின்ஸ்’ ஆய்விதழில் கடுமையாக விமர்சித்தபோது, சாட்டி அதே இதழிலேயே மறுமொழி எழுதினார். இந்த விவாதத்தைப் படிக்காமல் ஏஎச்பியைக் கையாளும் ஆய்வேடுகள் எனக்கு ஏமாற்றமே தருகின்றன.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் எங்கிருந்து தொடங்கட்டும்?

இரண்டாம் பதில் எழுதியவர்:
மருத்துவமனையின் கொள்முதல் பிரிவிலிருந்து தொடங்குங்கள். ஏழு அளவுகோல்களை எடுத்தாலே ஒவ்வொருவரும் 21 ஒப்பீடுகள் செய்யவேண்டிவரும். களைப்பில் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். அந்த முரண்பாட்டை அளக்கும் கன்சிஸ்டன்சி ரேஷியோ என்ற எண் 0.10ஐத் தாண்டினால், விடையளித்தவரிடமே திரும்பச் சென்று கேளுங்கள். நீங்களாக எண்களைத் திருத்தாதீர்கள். அவர்கள் ஏன் முரண்பட்டார்கள் என்பதிலேயே உங்கள் ஆய்வுக்கான நல்ல கேள்வி கிடைக்கலாம், அதற்கு விடைகாண வேறொரு முறை தேவைப்பட்டால் தயங்காமல் மாறுங்கள்.