கிளியா செல்லுக்குப் ‘பசை’ வேண்டாமே

வணக்கம் ஐயா,

நரம்புச் செல்களைச் சூழ்ந்திருக்கும் கிளியா செல்லுக்கு நீங்கள் சொன்ன ‘நரம்புப் பசைச்செல்’ மூலத்துக்கு நேர்மையான சொல்தான். கிரேக்கத்தில் கிளியா என்றால் பசை. 1856-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்சோ ‘நியூரோகிளியா’ என்று எழுதியபோது, நரம்புச் செல்களின் நடுவே அடைந்து கிடக்கும் பூச்சாகவே அதை நினைத்தார். பசை அல்லவா, பெயரும் ஒட்டிக்கொண்டது. நாமும் அதைச் சுமக்க வேண்டுமா?

நான் மொழிபெயர்ப்பது வலியைப் பற்றிய கட்டுரை. அதில் இந்தச் செல்கள் ஓயாமல் பேசுகின்றன. தண்டுவடத்தை ஒட்டிய முதுகுவேர் முடிச்சுகளில், உணர்நரம்புச் செல் ஒவ்வொன்றின் உடலையும் கிளியா செல்கள் உறைபோலப் போர்த்தியிருக்கின்றன. இடைவெளி 20 நானோமீட்டர் அளவுதான். நரம்பு காயப்பட்டால் நரம்புச் செல், ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை வெளியே விடுகிறது. உறைச்செல் அதைத் செய்தி வாங்கும் புரதமான தன் பி2எக்ஸ்7 ஏற்பியில் வாங்கி, பதிலுக்கு டி.என்.எஃப் போன்ற அழற்சிப் பொருள்களை அனுப்புகிறது. அவை வந்து சேர்ந்ததும் நரம்புச் செல் சின்னத் தூண்டலுக்கே துடிக்கிறது. அப்புறம், பக்கத்துப் பக்கத்து உறைகளுக்கு இடையே கனெக்சின்-43 புரதத்தாலான புழைகள் பெருகுகின்றன. அடிபடாத நரம்புச் செல்லும் கூச்சலில் சேர்ந்துகொள்கிறது. நரம்புக் காயத்துக்குப் பின் லேசாகத் தொட்டாலே வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படிப்பட்டதைப் பசை என்பதா? ‘துணைச்செல்’ என்று வைக்கலாமென்றால், தாவரவியலில் அது சல்லடைக் குழாய்க்குப் பக்கத்துச் செல்லாகிவிட்டது. ‘செவிலிச்செல்’ ஊட்டி வளர்ப்பதை மட்டும் சொல்லும். அகப்பாடல்களில் தலைவிக்காகப் பேசுபவள் தோழிதானே? ஆகவே ‘தோழிச்செல்’ எப்படி?

*

தம்பி, சொல் அழகு. ஆனால் தலைவியின் நோயைத் தணிக்கத்தான் தோழி அலைவாள். உங்கள் தோழி ஏற்றிவிடுகிறாளே! அது கிடக்கட்டும். தண்டுவடத்தில் மைக்ரோகிளியா என்ற இன்னொரு கிளியா வகை வருமே, அதை ‘நுண்தோழி’ என்பீர்களா? பொதுச்சொல் முன்னொட்டைத் தாங்க வேண்டும். ‘பசை’யை நான் விட்டுவிடுகிறேன். ‘கிளியா’ அப்படியே இருக்கட்டும், ‘நுண்கிளியா’ உறுத்தவில்லை. முடிச்சில் சூழ்ந்திருப்பதற்கு மட்டும் ‘சூழ்செல்’ போதும்.

*

இலங்கைப் பாடநூல்களில் செல்லை நாங்கள் கலம் என்றே படித்தோம்: நரம்புக்கலம், குருதிக்கலம். ‘சூழ்கலம்’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் உடனே விளங்கும்.

*

நுண்தோழியோடு என் தோழி போய்விட்டாள் ஐயா, சரி. கட்டுரையில் ‘சூழ்செல்’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘சூழ்கலம்’ என்பதையும் சேர்க்கிறேன். இரண்டிலும் ‘சூழ்’ இருப்பதால் வாசிப்பவர் தடுமாற மாட்டார். ஒன்று மட்டும்: இந்தச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதைச் சொல்லும் ‘கிராஸ்டாக்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் ‘குறுக்குப்பேச்சு’ ஆக்கிவிட வேண்டாம். அது பழைய டெலிபோனில் அடுத்தவர் குரல் கேட்கிற கோளாறு. ‘உரையாடல்’ என்றே எழுதுகிறேன்.