தீவன மூட்டையில் ‘குரூட் புரோட்டீன்’ என்று இருக்கிறது, தமிழில் என்ன எழுதுவது? மட்டமான புரதமா?

சென்னிமலைக்காரர் (கேள்வி):
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பால் சங்கத்துக்கு ஒரு பலகை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அடர்தீவன மூட்டையில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பதை உறுப்பினர்களுக்குப் புரியும்படி தமிழில் எழுத வேண்டும். புரதம், கொழுப்பு, நார் மூன்றுக்கும் முன்னால் ‘குரூட்’ என்று போட்டிருக்கிறது. குரூட் புரோட்டீன் 20 சதவீதத்துக்குக் குறையாமல், குரூட் ஃபைபர் 12 சதவீதத்துக்கு மிகாமல், இப்படி. அகராதியைத் திறந்தால் பண்படாத, கச்சா, கரடுமுரடான, கொச்சையான, நாகரிகமற்ற என்று வருகிறது. எதைப் போட்டாலும் மட்டமான சரக்கு என்கிற அர்த்தம் வந்துவிடுகிறது. போதாததற்குச் சங்கத்தில் ஒரு பெரியவர், குரூட் ஆயில் மாதிரி சுத்தம் பண்ணாத புரதத்தைத்தான் மூட்டையில் கட்டி விற்கிறார்கள் என்று சொல்லி, அதைக் கேட்டுச் சிலர் வெறும் தவிட்டுக்கு மாறிவிட்டார்கள். அவர் சொல்வது சரியா? நான் என்ன எழுதட்டும்?

தென்காசி மொழிபெயர்ப்பாளர்:
அந்தச் சொல்லுக்கு இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும், அதனால்தான் அகராதியில் அத்தனை வருகிறது. மூலம் லத்தீனில், சமைக்காத, பச்சையான என்று பொருள். ஸ்பானிஷில் ‘க்ரூடோ’ என்றால் இன்றும் பச்சை இறைச்சி, பச்சைக் காய்தான். ஆங்கிலத்தில் சாப்பாட்டுப் பக்கத்தை ‘ரா’ எடுத்துக்கொண்டது. பச்சைப் பாலை ‘ரா மில்க்’ என்பார்கள், குரூட் மில்க் என்று யாரும் சொல்வதில்லை. செக்கு எண்ணெயும் சுத்திகரிக்காததுதான், அதையும் குரூட் என்று எழுதி விற்க மாட்டார்கள், சமையலுக்கு ஆகாது என்ற தொனி வந்துவிடும்.

இப்போது குரூட் எங்கே வருகிறது என்று பாருங்கள். நரிமணத்தில் கிணற்றிலிருந்து எடுப்பது குரூட் ஆயில், தமிழில் கச்சா எண்ணெய், ஆலைக்குப் போகுமுன் உள்ள நிலை. மருந்தியலில் ‘குரூட் டிரக்’ என்றால் காயவைத்ததோடு நிற்கும் இலை, வேர், பட்டை. திருநெல்வேலிப் பெயரிலேயே உலகச் சந்தையில் விற்கும் நிலாவாரை இலை அதற்கு நல்ல உதாரணம், நாட்டு மருந்துக் கடையில் சரக்கு என்பார்கள், தரக்குறைவு என்ற பேச்சே அதில் கிடையாது. அப்புறம் செய்நேர்த்தி இல்லாததற்கும் இந்தச் சொல் வரும், பத்திரிகையில் நாட்டு வெடிகுண்டு என்று எழுதுகிறோமே, அது ஆங்கிலத்தில் ‘குரூட் பாம்’. பேச்சுக்கு வந்தால் கொச்சையான, ஆபாசமான. மதிப்பீட்டுக்கு வந்தால் குத்துமதிப்பான. உங்கள் மூட்டைக்கு எது பொருந்தும் என்பதைத் தீவனம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும், என் கணிப்பு குத்துமதிப்பு.

தீவன ஆய்வுக்கூடம், நாமக்கல் பக்கம்:
குத்துமதிப்பு என்றது ரொம்பச் சரி. மூட்டைக்குள் இருக்கும் புரதத்தில் எந்தக் குறையும் இல்லை, அளக்கும் முறைதான் குரூட். நெல்லை அளக்காமல் மூட்டையை எண்ணி விளைச்சல் சொல்வது மாதிரி.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த யோஹான் கெல்டால் 1883இல் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தீவனத்தை அடர் கந்தக அமிலத்தில் வேகவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிரித்து அளக்கிறோம். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன், அதனால் கிடைத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்தக் கணக்கு கேட்காது. புரதமாக இருந்தாலும் யூரியாவாக இருந்தாலும் எல்லாம் புரதக் கணக்கில் ஏறிவிடும். அதை ஒப்புக்கொள்ளத்தான் முன்னால் குரூட் என்று போடுகிறார்கள். எந்த நல்ல தீவனத்திலும் அப்படித்தான் இருக்கும், பெரியவரிடம் சொல்லுங்கள். கடலைப் பிண்ணாக்கை ஆய்வுக்குக் கொடுத்தாலும் முடிவுச் சீட்டில் குரூட் புரோட்டீன் என்றுதான் வரும்.

சென்னிமலைக்காரர்:
அப்படியானால் யூரியாவைக் கலந்து எண்ணைக் கூட்டிக் காட்ட முடியுமா? அது இன்னும் பயமாக இருக்கிறதே சார்.

தீவன ஆய்வுக்கூடம், நாமக்கல் பக்கம்:
முடியும். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 100 கிலோ தீவனத்தில் 1 கிலோ யூரியா சேர்ந்தால் அது மட்டுமே கிட்டத்தட்ட 2.9 சதவீதப் புரதமாகத் தெரியும். ஆனால் மாட்டைப் பொறுத்தவரை இதை முழு ஏமாற்று என்று சொல்ல முடியாது. வளர்ந்த மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை எடுத்துத் தங்கள் உடம்புப் புரதமாக்கும், பிறகு மாடு அந்த நுண்ணுயிர்களைச் செரிக்கும். அதனால் அளவோடு சேர்ப்பது நடைமுறையில் உண்டு. கன்றுக்குட்டிக்கு அந்த வயிறு இன்னும் வளர்ந்திருக்காது, அதற்குக் கொடுக்கவே கூடாது. வீட்டில் உர மூட்டையிலிருந்து அள்ளிக் கலப்பதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம், அளவு கொஞ்சம் கூடினாலும் மாடு செத்துப்போகும்.

கெட்ட எண்ணத்தோடு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008இல் சீனாவில் நடந்தது போதும். தண்ணீர் கலந்த பாலில் புரத எண் குறையாமல் தெரிய மெலமைன் என்ற பிளாஸ்டிக் தயாரிப்பு ரசாயனத்தைப் போட்டார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், குறைந்தது 6 குழந்தைகள் இறந்தன. பரிசோதனை நைட்ரஜனை மட்டும் பார்த்ததுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

புள்ளியியல் ஆசிரியை:
இதே அர்த்தத்தில்தான் எங்கள் பாடத்தில் குரூட் டெத் ரேட் வருகிறது. ஓராண்டில் ஆயிரம் பேருக்கு எத்தனை இறப்பு என்பது மட்டும், மக்களில் முதியவர்கள் எவ்வளவு என்று அது பார்க்காது. மத்திய அரசு பிறப்பு, இறப்பை மாதிரிக் கணக்கெடுத்து வெளியிடும் 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் கேரளத்துக்கு 7.0, பீகாருக்கு 5.4. இதை வைத்துக் கேரளத்தில் உடல்நலம் மோசம் என்றால் பெரிய தப்பு. அதே கணக்கில் ஆயிரம் பிறப்புக்குக் குழந்தை இறப்பு கேரளத்தில் 6, பீகாரில் 27. வயதைச் சரிசெய்யாத வீதம் என்று நான் விரித்துச் சொல்லிவிடுவேன், பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. நீங்களும் ஒற்றைச் சொல்லைத் தேடாமல் விரித்தே எழுதுங்கள்.

கறவை மாடு வைத்திருப்பவர், கரூர்:
தம்பி, தவிட்டுக்கு மாறியவர்களைத் திருப்பிக் கூட்டி வாருங்கள், முதலில் அதைச் செய்யுங்கள். கறவை மாட்டுக்குத் தவிடு மட்டும் போட்டால் பால் இறங்கத்தான் செய்யும். மூட்டையில் 20 என்று இருந்தால் 50 கிலோ மூட்டைக்கு 10 கிலோ புரதம் என்று கணக்குப் போட்டு, விலையை அதால் வகுத்து, இரண்டு மூட்டைகளை ஒப்பிடுங்கள். நான் அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் எண் ஒன்றாக இருந்தாலும் கருகிய வாசனை வரும் பிண்ணாக்கை நான் தொடுவதில்லை.

தீவன ஆய்வுக்கூடம், நாமக்கல் பக்கம்:
அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது. அதிகச் சூட்டில் கருகினால் புரதம் செரிக்காமல் வெளியே போகும், எங்கள் எண் மட்டும் அப்படியே இருக்கும். கோழி இறகில்கூட 80 சதவீதத்துக்கு மேல் குரூட் புரோட்டீன் காட்டும், பதப்படுத்தாமல் கொடுத்தால் எதுவும் ஒட்டாது.

சென்னிமலைக்காரர்:
எல்லோருக்கும் நன்றி. பலகையில் ‘மொத்தப் புரதம், மொத்தக் கொழுப்பு, மொத்த நார்’ என்று எழுதலாம் என்றிருக்கிறேன். மட்டம் என்ற தொனி வராது. சரிதானே?

தீவன ஆய்வுக்கூடம், நாமக்கல் பக்கம்:
புரதத்துக்குச் சரி. நாருக்குப் போடாதீர்கள். குரூட் ஃபைபர் ஜெர்மனியின் வேண்டே ஆய்வு நிலையத்தில் 1860களில் வந்த முறை, நீர்த்த அமிலத்திலும் பிறகு காரத்திலும் கொதிக்கவைத்து மிஞ்சியதை நார் என்பார்கள். கொதிக்கும்போது நாரிலேயே ஒரு பகுதி கரைந்து போய்விடும். ஆக, புரதத்தில் எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும், நாரில் குறைவாக வரும். கொழுப்பு என்பது ஈதரில் கரைவதெல்லாம், பச்சை இலையின் நிறமியும் மெழுகும் அதில் சேரும். மூன்றுக்கும் ‘கச்சா’ என்றே எழுதி, கீழே ஒரு வரி சேருங்கள்: “கச்சா என்பது ஆய்வுக்கூடத்தின் தோராய அளவு, தரக்குறைவு அல்ல.” மூட்டையின் மேல் சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, மாதிரியைக் கொடுத்து யூரியாவைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னிமலைக்காரர்:
அப்படியே எழுதுகிறேன் சார். மாதிரியும் அனுப்புகிறோம், அந்தப் பெரியவர் கையாலேயே எடுத்து.