ஹெச்.டி.கே-யிலிருந்து யூ.டபிள்யூ-வுக்கு மாறுகிறோம்: எதையெல்லாம் மாற்றணும்?

தியேட்டர்_டெக்:
உறுப்பு தானத்தில் கல்லீரல், கிட்னி எடுக்கும்போது ரத்தத்தைக் கழுவி உறுப்பைக் குளிரில் காக்கும் கரைசலாக இதுவரை ஹெச்.டி.கே மட்டும்தான் ஓட்டியிருக்கிறோம். இனி யூ.டபிள்யூ என்ற இன்னொரு கரைசல். அயோர்ட்டாவில் (உடலின் முக்கியத் தமனி) அதே 10 லிட்டர் போகணுமா? பையில் எதையாவது கலக்கணுமா? உறுப்பைக் கொண்டுபோகும் பெட்டிக்கு ஃப்ரீசர் ஜெல் பேக் போதுமா?

ரெட்ரீவல்_சர்ஜன்:
10 லிட்டர் வேண்டாம் தம்பி. ஹெச்.டி.கே தண்ணீர் மாதிரி ஓடும். அதிலுள்ள ஹிஸ்டிடின் (அமிலத்தன்மை ஏறாமல் தாங்கும் பொருள்) திசுவுக்குள் ஊறி நிலைபெற அளவும் நேரமும் தேவை. யூ.டபிள்யூ வேறு ரகம். குளிரில் சோடியம் பம்ப் நின்றுபோய் செல்லுக்குள் தண்ணீர் ஏறுமே, அதைத் தடுக்க லிட்டருக்கு லாக்டோபயோனேட் 100, ராஃபினோஸ் 30 மில்லிமோல் இருக்கிறது. பெரியவர்களுக்கு அயோர்ட்டாவில் 4–5 லிட்டர், போர்ட்டலில் (குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் சிரை) 1–2 லிட்டர் கணக்கு வையுங்கள். ஆனால் எண்ணைப் பார்த்து நிறுத்தாதீர்கள். வீனா கேவாவில் (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரை) வடிவது தெளிந்த பிறகு நிறுத்துங்கள்.

லிட்டருக்கு 50 கிராம் ஸ்டார்ச் இருப்பதால் குளிரில் கெட்டியாக இருக்கும், மெதுவாகத்தான் இறங்கும். பொறுமையிழந்து பையைப் பிதுக்க வேண்டாம், ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் போதும். அந்த ஸ்டார்ச் சிவப்பணுக்களைக் கட்டிகட்டியாக ஒட்டவும் வைக்கும். அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கிலோவுக்கு 300 யூனிட், கிளாம்புக்கு (அயோர்ட்டாவை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது) 3–5 நிமிடம் முன்பே போயிருக்க வேண்டும். கிளாம்ப் போட்டதும் கேவாவைத் திறந்துவிடுங்கள்.

லிட்டருக்கு இன்சுலின் 40 யூனிட், டெக்ஸாமெத்தசோன் 16 மி.கி. கலப்பது பழைய முறை. இப்போது பல இடங்களில் கலப்பதில்லை. உங்கள் புரோட்டோகால்படி போங்கள். பையில் துகள் மிதக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், ஃபில்டர் உள்ள செட் போடுங்கள்.

கோஆர்டினேட்டர்_மதுரை:
பெட்டி விஷயம். ஜெல் பேக் ஃப்ரீசரிலிருந்து வரும்போது மைனஸில் இருக்கும். அது பையை ஒட்டிக் கிடந்தால் உறுப்பின் அந்த ஓரம் உறைந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. உருகத் தொடங்கிய பொடி ஐஸ்தான் சரி. அது பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

மூன்று பை. முதல் பையில் உறுப்பு முழுக்க மூழ்குமளவு யூ.டபிள்யூ, காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். கிட்னிக்கு அரை லிட்டர், கல்லீரலுக்கு ஒன்றரை லிட்டர் வரை பிடிக்கும். இரண்டாவதில் குளிர்ந்த சலைன். மூன்றாவது வெறும் பை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டணும். சேர்த்துக் கட்டினால் ஒரு முடிச்சு நழுவியதும் ஐஸ் தண்ணீர் உள்ளே போய்விடும். லேபிளில் இடதா வலதா, ரத்த வகை, கிளாம்ப் நேரம். கோல்ட் இஸ்கீமியா (உறுப்பு ரத்த ஓட்டமின்றிக் குளிரில் இருக்கும் நேரம்) அந்த நேரத்திலிருந்துதான் ஓடுகிறது, பெட்டி மூடிய நேரத்திலிருந்து அல்ல. கிட்னியை 24 மணி நேரத்துக்குள்ளும், கல்லீரலை 12-க்குள்ளும் (8 என்றால் நிம்மதி) சேர்க்கப் பாருங்கள்.

தியேட்டர்_டெக்:
நன்றி சார். சில நேரம் ஒரு கிட்னியின் கீழ்முனை மட்டும் வெளுக்காமல் கருத்தே நிற்கிறதே, கரைசல் போதாததாலா?

ரெட்ரீவல்_சர்ஜன்:
பெரும்பாலும் இல்லை. கீழ்முனைக்குத் தனி தமனி அயோர்ட்டாவில் தாழ்வாகக் கிளம்பியிருக்கும். கேனுலா (கரைசல் செலுத்தும் குழாய்) கட்டிய இடத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டால் அதற்குள் எதுவும் போகாது. முழுக் கிட்னியும் கருத்திருந்தால் கேனுலா நுனி ரீனல் தமனி (கிட்னிக்குப் போகும் தமனி) வாயைத் தாண்டி மேலேறிவிட்டதா என்று பாருங்கள். பேக் டேபிளில் (எடுத்த உறுப்பைச் சீர்செய்யும் மேசை) அயோர்ட்டா பட்டையைத் திறந்து ஒவ்வொரு வாயையும் தேடி, தனித்தனியாக ஃப்ளஷ் செய்யுங்கள். சிரிஞ்சால் வேகமாக அழுத்தினால் உள்சுவர் கிழியும்.

மயக்கவியல்_மருத்துவர்:
பொருத்தும் இடத்துக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். லிட்டருக்கு ஹெச்.டி.கே-யில் பொட்டாசியம் 9, யூ.டபிள்யூ-வில் ஏறக்குறைய 125 மில்லிமோல். கல்லீரலைக் கழுவாமல் கிளாம்ப் எடுத்தால் அந்தப் பொட்டாசியம் அப்படியே இதயத்துக்குப் போகும். கூடவே யூ.டபிள்யூ-வில் உள்ள அடினோசின் வேறு, துடிப்பு இறங்கும். போர்ட்டல் வழியாகக் குளிர்ந்த 5% அல்புமின் அல்லது ரிங்கர் லாக்டேட் 500 மி.லி. முதல் 1 லிட்டர் ஓட்டிக் கழுவுங்கள். கேவா தையலை முடிச்சிடும் முன் முதலில் வரும் ரத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடுங்கள். கால்சியம் சிரிஞ்சில் தயாராக இருக்கட்டும்.