தஞ்சாவூர் ஓவியத் தொழிலுக்கு வலைப்பூ தொடங்குவது பயன் தருமா?

பொற்சித்திரம் (கும்பகோணம்) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் நாத்தனாரும் வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியங்கள் செய்து விற்று வருகிறோம். பலகையில் துணி ஒட்டுவது, மக்கு வேலை (சுண்ணப்பொடியும் பசையும் கலந்த கூழால் மேடு எழுப்புவது), கல் பதிப்பது, தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டுவது, வண்ணம் தீட்டுவது என எல்லாவற்றையும் நாங்கள் இருவருமே செய்கிறோம்; சட்டம் போடுவதற்கு மட்டும் வெளியில் கொடுக்கிறோம். விற்பனை பெரும்பாலும் தெரிந்தவர்கள் மூலமாகவும், நவராத்திரியை ஒட்டி நடக்கும் கண்காட்சிகளிலும், வாட்ஸ்அப் வழியாகவும் நடக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு உண்டு. படங்களுக்கு இதயக்குறிகள் விழுகின்றனவே தவிர, அங்கே பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் அரிது. கடைகளுக்குக் கொடுத்தால், அவர்கள் கழிவு போக மிஞ்சுவது ரேக்குக்கும் கல்லுக்கும் சரியாகப் போய்விடுகிறது.

இந்த நிலையில், எங்கள் வேலையைப் பற்றி எழுத ஒரு வலைப்பூ தொடங்கலாமா என்று யோசிக்கிறோம். ஆனால் இந்தக் காலத்தில் வலைப்பூவை யார் படிக்கிறார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். தொடங்கினால் எதை எழுதுவது, தமிழிலா ஆங்கிலத்திலா, இலவசத் தளம் போதுமா, வாரம் ஒன்று எழுத முடியாவிட்டால் பயனில்லையா என்பவை என் ஐயங்கள். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

சாயத்தொட்டி (சின்னாளப்பட்டி)

வணக்கம் சகோதரி. நாங்கள் சுங்குடிச் சேலைகள் செய்கிறோம். சில ஆண்டுகளாக வலைப்பூவும் எழுதி வருகிறோம். எல்லாக் கைவினைத் தொழிலுக்கும் வலைப்பூ தேவை என்று நான் சொல்ல மாட்டேன். இருநூறு ரூபாய்க் காதணியைப் படத்தில் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடுவார்கள். அதற்குக் கட்டுரை வேண்டாம், நல்ல படமே போதும். ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, பூஜையறையில் தலைமுறைக்கும் இருக்கப்போகும் ஒரு பொருளை வாங்குகிறவர், பணம் அனுப்புவதற்கு முன் பத்து இடங்களில் தேடுகிறார், நான்கு பேரிடம் விசாரிக்கிறார், ஏமாந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறார். வலைப்பூவுக்கு வேலை இருப்பது அந்தத் தேடலிலும் அச்சத்திலும்தான். உங்கள் பொருள் அந்த வகையைச் சேர்ந்தது என்பதால், தொடங்கலாம் என்பதே என் கருத்து.

எதை எழுதுவது என்ற கேள்விக்கு விடை உங்கள் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒட்டியிருப்பது 22 காரட் ரேக்குதானா, போலி ரேக்கு என்றால் எப்படித் தெரியும், அது ஏன் சில ஆண்டுகளில் கறுத்துப்போகிறது? ஒரே அளவுள்ள இரண்டு படங்களில் ஒன்றின் விலை மற்றதைப்போல் இரு மடங்காக இருப்பது ஏன்? பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலப் படம் எந்த அளவுச் சுவருக்குப் பொருந்தும், எதிர்வெயில் விழும் சுவரிலும் ஓதம் ஏறும் சுவரிலும் மாட்டலாமா, வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு, கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போட்டால் பார்வைக்கு வேறுபாடு தெரியுமா? இவை ஒவ்வொன்றும் ஒரு தனிக் கட்டுரை. உங்களுக்குச் சலித்துப்போன இந்தக் கேள்விகளைத்தான் முகம் தெரியாத யாரோ ஒருவர் நள்ளிரவில் கூகுளில் தட்டிக்கொண்டிருக்கிறார். பலகைப் படம் என்றும் அழைக்கப்படும் தஞ்சாவூர் ஓவியத்தின் வரலாறு, மராட்டியர் காலம், சரபோஜி மன்னர் என்றெல்லாம் எழுதுவது தவறில்லை. ஆனால் அவற்றை ஏற்கெனவே நூறு பேர் எழுதிவிட்டார்கள். மக்கு எந்தப் பதத்தில் இருந்தால் காய்ந்த பின் வெடிக்காது என்பதை உங்களைப்போல் கையால் செய்கிறவர்தான் எழுத முடியும்.

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆடியில் புதுமனை புகுவிழா நடத்தமாட்டார்கள். ஆவணிக்கான திட்டத்தை அப்போதுதான் போடுவார்கள். ஒரு ஓவியம் முடிக்க உங்களுக்கு மூன்று நான்கு வாரங்களாவது ஆகும் அல்லவா? ஆகவே, புதுமனைக்கு எந்தப் படம் பரிசளிக்கலாம் என்ற கட்டுரை ஆவணியில் வந்து பயனில்லை. வைகாசியிலேயே தளத்தில் இருக்க வேண்டும். கூகுள் அதைக் கண்டெடுத்து முன்னால் கொண்டுவருவதற்கும் சில மாதங்கள் பிடிக்கும்.

வாரம் ஒன்று என்ற கெடுவை வைத்துக்கொள்ள வேண்டாம். செய்தித்தாள் நடத்தவில்லை நாம். நல்ல பத்துக் கட்டுரைகள் இருந்தால் அவை ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும்.

---

கணக்குப்பிள்ளை (சென்னை)

மேலே உள்ளவர் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். இருவர் மட்டும் வேலை செய்யும் இடத்தில், ஒருவர் கட்டுரை எழுத உட்கார்ந்தால் ஓவியம் நின்றுவிடும். அந்த நேரத்தின் மதிப்பைச் செலவாக எழுதாமல், வலைப்பூ இலவசம் என்று சொல்வது கணக்கு ஆகாது. மேலும், முதல் ஆண்டில் வலைப்பூவிலிருந்து ஒரு விற்பனைகூட வராமல் போகலாம். அதைத் தாங்கும் மனம் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. கூகுள் வரைபடத்தில் உங்கள் தொழிலைப் பதிந்து, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இரண்டு வரி மதிப்புரை எழுதச் சொல்லுங்கள். இதற்குச் செலவில்லை, கும்பகோணத்துக்குக் கோயில் பார்க்க வருகிறவர்கள் கைப்பேசியில் தேடும்போது முதலில் தெரிவது அதுதான். அடுத்தது, படம் எடுக்கும் முறை. கண்ணாடி போட்ட பிறகு ஃபிளாஷ் போட்டு எடுத்த தஞ்சாவூர் ஓவியத்தில் எடுத்தவருடைய முகம்தான் தெரிகிறது. கண்ணாடி போடும் முன்பே, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஒரு படம் நேராகவும் ஒரு படம் பக்கவாட்டிலிருந்தும் எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில்தான் மக்கு வேலையின் மேடு தெரியும். விலைக்கான காரணமும் அங்கேதான் தெரியும்.

---

இணையத்தச்சன் (கோயம்புத்தூர்)

தொழில்நுட்பப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இதில் தொடக்கத்தில் எடுக்கும் சில முடிவுகளைப் பின்னர் மாற்றுவது கடினம்.

இலவசத் தளம் தாராளமாகப் போதும். கூகுள் 2003-இல் வாங்கிய பிளாகர் இன்றும் இயங்குகிறது; வேர்ட்பிரஸில் வசதிகள் அதிகம், பராமரிப்பும் அதிகம். கணினியோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாத இருவருக்குப் பிளாகரே ஏற்றது என்பது என் எண்ணம். ஆனால் முகவரியை மட்டும் முதல் நாளிலிருந்தே சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை கட்டினால் உங்கள் தொழிலின் பெயரிலேயே ஒரு முகவரி கிடைக்கும்; அதைப் பிளாகரில் இணைத்துக்கொள்ளலாம். நாளை வேறு தளத்துக்கு மாறினாலும் முகவரி மாறாது, அட்டையில் அச்சடித்ததும் வீணாகாது. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது, டிக்டாக் 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அங்கேயே வாடிக்கையாளர்களைச் சேர்த்து வைத்திருந்த சிறுதொழில் செய்வோர் மறுநாள் வேறிடத்தில் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சொந்த முகவரியில் இருக்கும் எழுத்துக்கு அந்த நிலை வராது. பிளாகரில் எழுதியவற்றை மொத்தமாகப் பதிவிறக்கிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அவ்வப்போது செய்து வையுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு. தமிழில் தலைப்பிட்டால் பிளாகர் அந்த எழுத்துகளை முகவரியில் எடுத்துக்கொள்வதில்லை. பிளாக் போஸ்ட் என்ற பொதுப் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துத் தானாகவே முகவரி அமைத்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நான்கு வரிக்கு நீளும். அதைப் பார்த்து மோசடி இணைப்பு என்று அஞ்சித் தொடாதவர்களும் உண்டு. எந்தத் தளமானாலும், வெளியிடுவதற்கு முன் முகவரியை ஆங்கில எழுத்தில் நான்கைந்து சொற்களாக நீங்களே அமைத்துவிடுங்கள். வெளியிட்ட பின் மாற்றினால், ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் செத்துப்போகலாம்.

மொழியைப் பொறுத்தவரை, ஒரே கட்டுரையில் மேலே தமிழும் கீழே ஆங்கிலமுமாகக் கலக்க வேண்டாம். கட்டுரை எந்த மொழியில் இருக்கிறது என்று தேடுபொறி குழம்பும், படிப்பவரும் பாதியில் போய்விடுவார். வெளிமாநிலத்தாரும் அயல்நாட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் தனிக் கட்டுரையும், சிங்கப்பூர், மலேசியா உட்படத் தமிழ்க் குடும்பங்கள் கேட்பவற்றுக்குத் தமிழில் தனிக் கட்டுரையும் எழுதுங்கள். தமிழில் இத்துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் போட்டியும் குறைவு.

கைப்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குச் சுருக்கி, இருநூறு கேபிக்குள் கொண்டுவந்த பிறகு ஏற்றுங்கள்.

---

பொற்சித்திரம் (கும்பகோணம்)

அனைவருக்கும் மிக்க நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன வரைபடப் பதிவை இந்த வாரமே செய்துவிடுகிறோம். என் நாத்தனாருக்கு ஓர் அச்சம் இருக்கிறது. செய்முறையை விரிவாக எழுதினால் அதைப் பார்த்து மற்றவர்கள் செய்யத் தொடங்கிவிடுவார்கள், எங்கள் படத்தையே எடுத்துத் தங்களுடையது என்று போட்டு விற்பார்கள் என்கிறார். இரண்டாவது நடப்பதை நாங்களே ஒருமுறை பார்த்தோம். இதற்கு என்ன செய்வது?

---

சட்டப்புத்தகம் (மதுரை)

அம்மா, செய்முறையைப் பற்றிய அச்சம் தேவையற்றது. தஞ்சாவூர் ஓவிய வகுப்புகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன, காணொளிகளும் ஏராளம். படித்துவிட்டு யாரும் உங்கள் கைப்பதத்தை அடைந்துவிட மாட்டார்கள், படித்தவர்களில் பெரும்பாலோர் இவ்வளவு வேலையா என்று வியந்து வாங்கத்தான் வருவார்கள். உண்மையிலேயே மறைக்க வேண்டியது என்றால், ரேக்கும் கல்லும் எங்கே வாங்குகிறீர்கள், என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்பவை மட்டுமே.

படத்தைத் திருடுவது வேறு. வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன், ராமர் பட்டாபிஷேகம் போன்ற மரபான அமைப்புகள் யாருக்கும் தனி உரிமை அல்ல; அதே காட்சியை வேறொருவர் வரைவதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் நீங்கள் எடுத்த புகைப்படத்தை உங்களைக் கேட்காமல் பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி மீறல். எந்தத் தளத்தில் அப்படம் போடப்பட்டதோ அந்தத் தளத்திலேயே முறையிட்டு நீக்கச் சொல்லலாம். உங்கள் வலைப்பூவில் நாளோடு முன்பே வெளியாகியிருப்பதும், அரைகுறையாக முடிந்த நிலையில் எடுத்த படங்கள் உங்களிடம் இருப்பதும் அப்போது நல்ல சான்றாகும். திருடியவரிடம் முடிந்த படம் மட்டும்தான் இருக்கும்.

பலர் அறியாத ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதவரை, வரையச் சொன்னவரே. நீங்கள் பெரும்பாலும் ஆர்டரின் பேரில் செய்வதால், ஓவியத்தின் படத்தை எங்கள் தளத்தில் வெளியிடுவோம் என்ற ஒரு வரியை ஆர்டர் எடுக்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி, அவர்கள் சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வீட்டுப் பூஜையறைப் படத்தை வெளியிடுவதற்கும் இதே ஒழுங்கு வேண்டும். அதில் குடும்பத்தாரின் பெயரோ முகமோ தெரியாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

எழுதும் சொற்களிலும் கவனம் தேவை. 22 காரட் என்று தளத்தில் எழுதினால் ஒவ்வொரு படத்திலும் அது உண்மையாக இருக்க வேண்டும். தவறான விளம்பரம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்காகும். விலை குறைந்த ரேக்கில் செய்யும் படங்கள் இருந்தால் அவற்றுக்குத் தனிப் பக்கம் வைத்து, வெளிப்படையாக எழுதிவிடுங்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007–08-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள 1999-ஆம் ஆண்டுச் சட்டம் தனித்தனிக் கைவினைஞர்களுக்கும் வழி செய்கிறது. பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. பதிந்த பிறகு அதை வலைப்பூவின் முகப்பிலேயே குறிப்பிடுங்கள். அச்சடித்த தாளில் கல் ஒட்டி விற்கிறவர் அதை எழுத முடியாது.

---

சாயத்தொட்டி (சின்னாளப்பட்டி)

வழக்குரைஞர் ஐயா சொன்ன அரைகுறைப் படங்கள் எழுதுவதற்கும் உதவும். ஒரே ஓவியத்தைக் கோடு வரைந்த நிலை, மக்கு காய்ந்த நிலை, ரேக்கு ஒட்டிய நிலை, வண்ணம் முடிந்த நிலை என நான்கு படங்களாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதினால், விலை ஏன் இவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். கணக்குப்பிள்ளை அவர்கள் கவலைப்படும் நேரச் செலவும் இதில் குறைவு. வேலை செய்யும்போதே படம் எடுத்துக்கொள்ளலாம், ரேக்கு காயும் நேரத்தில் நான்கு வரி எழுதிவிடலாம்.

---

இணையத்தச்சன் (கோயம்புத்தூர்)

ஒரு சேர்க்கை. தளம் தொடங்கியதும் கூகுள் சர்ச் கன்சோலில் முகவரியைப் பதிந்துவிடுங்கள், இலவசம்தான். எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது என்று அதில் பார்க்கலாம். நீங்கள் எதிர்பாராத கேள்வி ஒன்று அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த கட்டுரையை அதற்கு எழுதுங்கள். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் வாட்ஸ்அப் இணைப்பு இருக்கட்டும். ஆனால் வீட்டில் பயன்படுத்தும் எண்ணைக் கொடுக்காமல், தொழிலுக்கென்று தனி எண் வாங்கி அதைக் கொடுங்கள்.