உப்புவெளிக் கரைக்கு ஒரு லேண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) கிடைக்குமா?

வணக்கம். நாங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை, கோணேசபுரி வளாக மாணவர்கள். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேச கரையோரத் துப்புரவு நாள். அன்று காலை உப்புவெளிக் கரையில் இறங்குகிறோம். ஆட்களுக்குப் பஞ்சமில்லை, சித்த மருத்துவப் பிள்ளைகளும் வருகிறார்கள். அள்ளியதை ஏற்றுவதில்தான் சிக்கல். ஈரமணல் ஏறிய கிழிந்த வலை என்ன பாரம் என்று கரைவலை இழுக்கும் அண்ணன்மாருக்குத் தெரியும்!

அரைநாளுக்கு ஒரு லேண்ட்மாஸ்டர் தர யாராவது இருக்கிறீர்களா? டீசல் எங்கள் செலவு. பழைய உரப்பைகளும் தொங்குதராசு ஒன்றும் வேண்டும். போத்தல், மூடி, வலை என்று பிரித்து எண்ணி, நிறுத்துப் பதியப் போகிறோம். இல்லாவிட்டால் வெறும் படம்பிடிப்புத்தான். அப்புறம், பிரதேச சபையில் குப்பை ஏற்றுவதற்குப் பொறுப்பானவரைத் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். சிங்களத்தில் அறிவித்தல் எழுதவும் ஒருவர் தேவை.