புதுப்பிப்பு: எந்த அப்டேட் எந்த பேக்கேஜில் என்ற வினவலுக்கு விடை

நிறுவனத்தின் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான கான்ஃபிகரேஷன் மேனேஜரில் ஒரு அப்டேட் எந்த டிப்ளாய்மென்ட் பேக்கேஜில் (அப்டேட் கோப்புகளின் தொகுப்பில்) உட்கார்ந்திருக்கிறது என்று எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் வினவல் மொழி) வழியாக அறிய முடியுமா எனக் கேட்டிருந்தேன். முடியும். என் வினவல் இப்போது ஓடுகிறது.

அப்டேட் குரூப்புக்கும் பேக்கேஜுக்கும் நேரடி இணைப்பே கிடையாது. குரூப் என்பது அப்டேட்களின் வெறும் பட்டியல். கோப்புகள் இருப்பது பேக்கேஜில். கிளையன்ட் (அப்டேட்டைப் பெறும் கணினி) எந்த பேக்கேஜிலிருந்து வேண்டுமானாலும் கோப்பை எடுத்துக்கொள்ளும். அதனால் குரூப் பக்கமிருந்து தேடினால் பாதை அங்கேயே முடிந்துவிடும்.

சரியான பாதை இது: 'வி_அப்டேட்இன்ஃபோ' வியூவில் சிஐ_ஐடி (அப்டேட்டின் அடையாள எண்) எடுத்து, 'வி_சிஐடுகன்டென்ட்' வியூ மூலம் கன்டென்ட்_ஐடிக்கு (கோப்புகளின் அடையாள எண்ணுக்கு) போய், அங்கிருந்து 'சிஐ_கன்டென்ட்பேக்கேஜஸ்' டேபிளில் பேக்கேஜ் எண்ணைப் பிடித்து, கடைசியில் 'வி_பேக்கேஜ்' வியூவுடன் ஜாயின் (இணைப்பு). பேக்கேஜ்டைப் = 5 என்று வடிகட்டினால் அப்டேட் பேக்கேஜ்கள் மட்டும் நிற்கும்.

ஒரே அப்டேட்டுக்குப் பல கன்டென்ட் ஐடிகள் இருக்கலாம். வரிகள் இரட்டிப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட் போதும். ஆனால் ஒரே அப்டேட் இரண்டு பேக்கேஜ் பெயர்களோடு வந்தால் அது நிஜமாகவே இரு இடத்தில் இருக்கிறது. வட்டில் இடம் வீணாவது அங்கேதான்.

இஸ்எக்ஸ்பயர்ட் (காலாவதியானதா), இஸ்சூப்பர்சீடட் (புதிய அப்டேட்டால் மாற்றப்பட்டதா) என்ற இரண்டு நெடுவரிசைகளையும் கட்டாயம் சேருங்கள். சுத்தம் செய்ய வேண்டிய பேக்கேஜ் உடனே கண்ணில் படும். எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தப் பகுதிதான்.

டேட்டாபேஸில் படிப்பதோடு நிறுத்துங்கள். நீக்குவது எதுவானாலும் கான்ஃபிகரேஷன் மேனேஜர் கன்சோலில் அல்லது பவர்ஷெல்லில் (கட்டளை வழிக் கருவியில்) மட்டும்.