மறு: தாத்தா நினைவு வளைவுக்கு நிதி

எல்லாருக்கும் வணக்கம்.

தாத்தா நினைவாக மைதானத்தில் வளைவு கட்ட ஆளுக்கு 10,000 ரூபாய் என்று சிங்கப்பூர் அண்ணன் எழுதியதையும், அதற்குப் பொருளாளர் மாமா கேட்ட கேள்விகளையும், டொராண்டோ சித்தியின் பதிலையும் மெல்பர்ன் திரும்பிய பிறகுதான் சேர்த்து வாசித்தேன். தாத்தாவின் காரியத்துக்காக மூன்று வாரம் அயனாவரத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டின் சார்பாகச் சொல்கிறேன்: வளைவு வேண்டாம்.

அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாசத்தில் ஆரம்பித்தது என்று தெரியும். ஆனால் மைதானத்தில் நான் பார்த்ததை நீங்களும் பார்த்திருந்தால் வளைவுப் பேச்சே எடுத்திருக்க மாட்டீர்கள்.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் காலை அங்கே போனேன். ரயில்வே லைன் பக்கத்துக் கோல் போஸ்டில் மேல் கம்பி ஒரு முனையில் விட்டுப்போயிருக்கிறது. துணி காயப்போடுகிற நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். போஸ்டைப் பிடித்து லேசாக அசைத்தேன், மேலே கம்பி ஆடியது. அதற்கு நேர் கீழே எட்டு வயதுப் பையன் ஒருவன் கீப்பராக நிற்கிறான். பந்து தோல் உரிந்து ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இருந்தது அந்த ஒரு பந்துதான்.

தாத்தா இருந்திருந்தால் அன்றைக்கே மெஷினோடு ஆளைக் கூட்டிவந்திருப்பார். வெல்டிங்கில் அவருக்குச் சமரசமே கிடையாது. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு வந்து ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். ஃபாக்டரியைத் திறந்துவைத்தார், அந்த வருஷமே தாத்தா வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சுவிட்சர்லாந்துக்காரர்களின் தொழில்நுட்பத்தில் முழுக்க இரும்பால் ஆன பெட்டி செய்யக் கற்றுக்கொண்ட முதல் செட் ஆட்களில் ஒருவர். பெட்டியின் கூட்டைச் செய்கிற ஷெல் பிரிவில் 36 வருஷம். 1991-ல் 58 வயதில் ரிட்டையர் ஆனார். முழங்கைக்குக் கீழே சீரகம் தூவினாற்போல வெள்ளை வெள்ளையாகப் பொறி பட்ட தழும்புகள். சின்ன வயதில் அதை எண்ணிக்கொண்டேதான் நான் தூங்குவேன். ஒருமுறை மெல்பர்னுக்கு வந்திருந்தபோது ஸ்டேஷனில் ரயில் நின்றதும் எல்லாரும் ஏறினோம். அவர் மட்டும் குனிந்து பெட்டியின் ஜாயின்ட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாப் போட்டிருக்கான்" என்ற பிறகுதான் ஏறினார். 2018-ல் நம்ம ஃபாக்டரியிலிருந்து டிரெயின் 18 (பிறகு வந்தே பாரத் என்று பெயர் வைத்த ரயில்) வெளியே வந்த செய்தியை டிவியில் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்கு மூன்று தடவை போன் செய்தார்.

வேலை முடிந்து ஃபாக்டரி சங்கு ஊதியதும் வீட்டுக்கு வர மாட்டார். சைக்கிளில் டிபன் கேரியர் தொங்க நேரே மைதானம்தான். ஃபாக்டரி டீமில் அவர் ஆடியதில்லை, முழங்கால் கெட்டுப்போய்விட்டது. ஆனால் ஃபுட்பால், ஹாக்கி, கேரம் எதையும் விட்டதில்லை. மரிய இருதயம் கேரம்மில் உலகச் சாம்பியன் ஆனபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். 2024-ல் காசிமா என்ற வட சென்னைப் பெண் அமெரிக்காவில் கேரம்மில் மூன்று தங்கம் வாங்கியபோது எழுந்து நடக்க முடியாத நிலை, இருந்தும் எங்கள் அம்மாவை அனுப்பி மிட்டாய் வாங்கிவரச் சொன்னார்.

கிரிக்கெட்டும்தான். 1952-ல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை ஜெயித்து இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி கண்ட ஆட்டத்துக்கு அயனாவரத்திலிருந்து நடந்தே போனவர். வினூ மன்கட் பந்து எப்படி மிதந்து வந்து இறங்கியது என்று எலுமிச்சம்பழத்தை வைத்துக் காட்டுவார். 1999-ல் என்னைக் கூட்டிப்போனார். டெண்டுல்கர் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். பாகிஸ்தான் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டமே எழுந்து கைதட்டியது. நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். தாத்தா என்னை எழுப்பி நிறுத்தி, பின்னால் நின்று என் இரண்டு கையையும் பிடித்துத் தட்டவைத்தார்.

சரி, கணக்குக்கு வருகிறேன். போன முறை வசூலில் 40,000 என்ன ஆனது என்று பொருளாளர் மாமா கேட்பது நியாயம்தான். யாரையும் திருடன் என்று அவர் சொல்லவில்லை, அண்ணனும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம், ரசீதுகளை அனுப்பிவிடுங்கள். தாத்தாவின் பீரோவில் ஏழு நோட்டுகள் கிடைத்தன. காப்பியிங் பென்சிலில், எச்சில் தொட்டு எழுதினது. "பந்து 1, பிளாடர் 2, ஊசி 3, மெழுகு நூல்." எதிரே கொடுத்தவர்கள் பெயரும் காசும். பந்தின் தையலை அவரே பிரித்து, உள்ளே காற்று நிற்கிற பிளாடரை மாற்றி, அவரே தைப்பார். ஊசியையும் எச்சில் தொட்டுத்தான் சொருக வேண்டும், இல்லையென்றால் வால்வு கிழியும் என்று ஒவ்வொரு பையனுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

சித்தி, உங்களுக்குத் தனியாக ஒன்று. "அந்த வீட்டார் யாருக்கு என்ன செய்தார்கள்" என்று எங்கள் வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மனசு வலித்தது. 74 மே மாத ரயில்வே ஸ்டிரைக் 20 நாள் நடந்தபோது உங்கள் அப்பாவின் மளிகைக் கடையிலிருந்துதான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. மூன்றாவது நோட்டில் அது இருக்கிறது: "அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், 212 ரூபாய்." தீபாவளிக்குள் தீர்த்துவிட்டார், அதுவும் இருக்கிறது. அதே நோட்டில் உங்கள் தம்பியை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு எடுக்கச் சொல்லி எத்தனை முறை பெரம்பூருக்கு நடந்தார் என்பதும் இருக்கிறது. சொல்லிக்காட்ட இல்லை. நீங்கள் அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

இப்போது வேண்டியது இவ்வளவுதான். பைப்பும் வெல்டிங் சாமானும் 6,500, இரண்டு வலை 7,000, பெரிய பந்து ஆறு 7,200, சின்னப் பந்து நாலு 3,600, பம்பும் ஊசியும் 800. மொத்தம் 25,100. கூலி கிடையாது. தாத்தாவிடம் அப்ரண்டிஸாக இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருவர், தானே செய்து தருகிறேன் என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். முழுத் தொகையையும் நானே போட முடியும். ஆனால் ஒருத்தன் காசில் வாங்கின பந்து அவன் பந்தாகிவிடும் என்று தாத்தா யாரிடமும் மொத்தமாக வாங்கியதில்லை. ஆளுக்கு 500 போதும். பொருளாளர் மாமா கணக்கில் போடுங்கள், பெயர்களை எட்டாவது நோட்டில் அம்மா எழுதிவைப்பாள்.

மெஷினுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. மைதானத்தை ஒட்டி இருப்பது மூன்றாம் தெரு வீடு ஒன்றுதான். ஒரு ஆட்டத்தில் நடந்த அந்தப் பெனால்டி விஷயத்துக்கு அப்புறம் அந்த வீட்டுப் பெரியவர் தாத்தாவிடம் முப்பது வருஷமாகப் பேசவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், சாவுக்கும் தெருமுனை வரைதான் வந்து நின்றார். நான் கேட் வாசலில் தயங்கிக்கொண்டு நின்றேன். அவரே வெளியே வந்தார். போஸ்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வயர் எத்தனை மீட்டர் வேணும்?" என்றார்.

வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு வேலை. ஊரில் இருப்பவர்கள் வந்து கம்பியைத் தூக்கிப் பிடிக்க நாலு பேராவது நில்லுங்கள்.